கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கூடாரக்காரர்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். ராஜபாளையம் என்றால் அந்த ஊர் நாய். இவ்விரு ஊர்களும் சிவகாசியும் அன்று 'வட திருநெல்வேலி'. 1854-ல் இந்த வட்டாரக் கிராமங்களுக்குக் கூடாரத்தோடு கிளம்பினார் ஓர் ஆங்கிலேயர். பெயர் தாமஸ் ராக்லண்ட்.

1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். சி.எம்.எஸ். மிஷனுக்காக இந்தியா வந்து, சென்னையில் அதன் செயலாளராக இருந்தார். பாளையங்கோட்டையைச் சுற்றிய தென்பகுதியில் அப்போதே தேவாலயம், பள்ளி, பங்களா எல்லாம் வந்துவிட்டன. வடக்கே நிலைமை வேறு. எனவே பங்களா வேண்டாம், ஊர் ஊராகக் கூடாரத்தை மாற்றிக்கொண்டே போகலாம் என்று முடிவெடுத்தார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரும் துணைக்கு வந்தார்கள்.

தமிழ் உபதேசியார்களும் கூடவே நடந்தார்கள். அவர்களை முறை வைத்து அனுப்பியவை தென் திருநெல்வேலிச் சபைகள். செலவும் சபை மக்களுடையதே.

பலன்? ராக்லண்ட் கண்ணால் பார்த்தது மிகக் குறைவு. நுரையீரல் நோயோடு அலைந்தவர், 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இறந்தார். வயது 43.

அதே காலத்தில் பசிபிக் கடலில் நேர்மாறான கதை நடந்தது. 1861-ல் குக் தீவுகளின் மணிஹிகியிலிருந்து புறப்பட்ட ஒரு படகு புயலில் சிக்கியது. சுமார் எட்டு வாரம் மிதந்து, இன்றைய துவாலு நாட்டின் நுகுலாயிலாய் தீவில் ஒதுங்கியது. அதில் இருந்த எலிகானா என்ற சபை ஊழியர், அங்கேயே போதிக்கத் தொடங்கினார். பிறகு சமோவாவில் பயிற்சி பெற்று, 1865-ல் லண்டன் மிஷனோடு துவாலுவுக்குத் திரும்பினார். இன்று அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் அந்தச் சபையினர்தான்.

ஏன் இந்த வேறுபாடு? சின்னத் தீவில் ஊர் கூடி முடிவெடுத்தால் எல்லோரும் ஒன்றாக மாறலாம். இங்கே அப்படியில்லை. ஆண்டாள் பாடிய மண்ணில், தலைமுறை தலைமுறையாக வந்த வழிபாட்டை விடுவதென்றால் சொந்தபந்தம், சாதி, ஊர் எல்லாவற்றையும் பகைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் துணிந்தவர்கள் சிலரே.

ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. துவாலுவில் விதைத்தவர் ஒரு தீவுக்காரர். வட திருநெல்வேலியில் நடந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். செய்தி வெளிநாட்டிலிருந்து வந்தாலும், அதைச் சுமந்தவர்கள் மண்ணின் மைந்தர்கள்.

கைக்காசு போட்டு ஊழியரை அனுப்பும் அந்தப் பழக்கம் திருநெல்வேலியில் வளர்ந்தது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. சங்கத்தின் ஊழியர்கள் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலுக்குப் போனார்கள். ராஜபாளையம் ராஜுக்கள் வீட்டில் பேசும் தெலுங்கு, அங்கே ஊர் முழுக்க. பைபிளைக் கையில் எடுக்குமுன் அவர்கள் கற்க வேண்டியிருந்தது அந்த மொழியைத்தான்.

அசரியாவும் அங்கே போய்ப் பணியாற்றினார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வட திருநெல்வேலிக்கு உபதேசியார்களை அனுப்பத் தொடங்கி அப்போது அறுபது ஆண்டுகூட ஆகவில்லை.