காவலுக்குக் கண்ணாகலாம், கையாகலாமா?

குற்றம் நடந்த பிறகு புகார்தாரராகவும் விசாரணை அதிகாரியாகவும் முதன்முறை சந்தித்துக்கொள்வதற்கு மாறாக, ஒரு பகுதியின் மக்களும் அப்பகுதிக் காவலர்களும் முன்கூட்டியே அறிமுகமாகி, குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்குச் சமூகக் காவல் பணி என்று பெயர். சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, சீருடையும் பணிநாள் படியும் பெற்றுக் காவல் துறைக்குத் துணைநிற்கும் ஊர்க்காவல் படையிலிருந்து இது வேறுபட்டது. தெருவாசிகள், வணிகர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் தரும் தகவலும் அவர்கள் காட்டும் அக்கறையுமே இதன் முதல். இம்முறையில் தமிழ்நாட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பட்டறிவு உண்டு. அதில் பிற மாநிலங்கள் பார்த்துக் கற்கத்தக்க பகுதியும் இருக்கிறது, தலைகுனிய வைத்த பகுதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, மக்கள் காவலுக்குக் கண்ணாக இருக்கும்வரை இந்தக் கூட்டுறவு ஊருக்கு நன்மை செய்வதும், அவர்களில் சிலர் காவலின் கையாக மாறும்போது அதே கூட்டுறவு ஊரை அச்சுறுத்துவதும் தெளிவாகின்றன.

பழைய காவலின் பாடம்

காவலை ஊரே ஏற்பாடு செய்துகொள்வது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தென்மாவட்டங்களில் நெடுங்காலம் நிலவிய காவல் முறையில் ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுத்தனர். களவுபோன மாட்டையோ பொருளையோ மீட்டுத் தருவதும், இயலாவிட்டால் ஈடுகட்டுவதும் அவர் கடமையாக இருந்தன. காப்பவர் ஊருக்கு நேரடியாகப் பதில்சொல்ல வேண்டியிருந்தது இம்முறையின் வலிமை. ஆனால் காப்பதும் தண்டுவதும் ஒரே கையில் சேர்ந்திருந்ததால், காவல் பணம் தர மறுத்த ஊரில் களவு பெருகியதும், களவுப்பொருளை மீட்டுத் தருவதற்கு வாங்கப்படும் துப்புக்கூலிக்காகவே மாடுகள் காணாமல் போனதும் அம்முறையின் கேடுகளாயின. 1890களில் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து மக்கள் காவலுக்கு எதிராகத் திரண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையே, 1859ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் மூலம் சென்னை மாகாணத்தில் சீருடைக் காவல் படை உருவாகியிருந்தது. அயர்லாந்தை அடக்கியாள ஆங்கிலேயர் அமைத்திருந்த படையின் சாயல் கொண்ட இப்புதிய அமைப்பு, மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டதே தவிர ஊருக்குக் கட்டுப்பட்டதன்று. பழைய காவல்காரர் ஊரை நன்கு அறிந்திருந்தார், ஆனால் சட்டத்துக்குள் நிற்கவில்லை. புதிய காவலர் சட்டத்துக்குள் நின்றார், ஆனால் ஊரை அறியவில்லை. சட்டத்துக்குள் நிற்கும் காவலர் ஊரையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே சமூகக் காவல் பணி அடைய விரும்பும் நிலை.

ரோந்து மட்டும் போதுமா?

ஏ.டி.எம். மையத்திலும் கோயில் வாசலிலும் தொங்கும் பட்டா புத்தகத்தில் இரவு ரோந்துக் காவலர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்டுச் செல்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அந்தக் கையெழுத்து காவலர் வந்து போனதை மேலதிகாரிக்குச் சொல்கிறது. ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டில் முதியவர் தனியாக வசிக்கிறார், எந்தக் கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, எந்த முனையில் பள்ளி விடும் நேரத்தில் மாணவிகள் தலைகுனிந்து விரைந்து நடக்கிறார்கள் என்பவற்றை அது சொல்வதில்லை. அவற்றை அறிய அங்கு வாழ்பவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த உண்மையை அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. 1972, 1973 ஆண்டுகளில் கான்சஸ் நகரக் காவல் துறை 15 ரோந்துப் பகுதிகளை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு பிரிவில் வாகன ரோந்தை நிறுத்தி அழைப்பு வந்தால் மட்டும் செல்வது, மற்றொன்றில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்குவது, மூன்றாவதில் வழக்கம்போல விடுவது என்று ஓராண்டு சோதித்துப் பார்த்தது. குற்றங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ மக்கள் பெரும்பாலும் உணரவும் இல்லை. அதே பத்தாண்டின் இறுதியில் நூவர்க் நகரில் காவலர்கள் கால்நடையாக ரோந்து சென்றபோதும் குற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்து, காவலர் மீதான மதிப்பு உயர்ந்தது. அச்சம் தணிந்த தெருவில்தான் பெண்கள் மாலையில் வெளியே வருவார்கள், கடைகள் திறந்திருக்கும், கண்டதைச் சொல்ல ஒருவர் முன்வருவார் என்பதால் இந்த மாற்றத்தைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

ராமநாதபுரமும் திருச்சியும்

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் படுகாயமுற்று உயிர்பிழைத்த காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப், 1993இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தபோது காவல் நண்பர்கள் இயக்கத்தைத் தொடங்கினார். குற்றப் பின்னணி இல்லாத பொதுமக்களைத் தேர்ந்து, தகவல் தருவது, போக்குவரத்தைச் சீர்செய்வது, திருவிழாக் கூட்டத்தில் உதவுவது போன்ற பணிகளில் அவர்களை ஈடுபடுத்திய இம்முயற்சி பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது.

1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி வேறொரு திசையிலிருந்து தொடங்கினார். மக்களைக் காவல் பணிக்குள் அழைத்துவருவதைவிடக் கடைநிலைக் காவலரை மக்களிடம் கொண்டுசேர்ப்பதே அவர் வழியாக இருந்தது. நகரம் பீட் எனப்படும் சிறு ரோந்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்கள் பொறுப்பாக்கப்பட்டனர். பெயர் குறிப்பிடாமலும் குறையைச் சொல்வதற்குப் பல இடங்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளைக் காவல் துறை தத்தெடுத்துக்கொண்டது. 1998 பிப்ரவரியில் கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தமிழக நகரங்களில் மதப் பதற்றம் நிலவிய சூழலில், அண்டைவீட்டார் ஒருவரையொருவர் ஐயுறாதிருக்க இருதரப்பும் நம்பும் காவலர் ஒருவர் தெருவில் இருப்பது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து ஆணைபெற்று நிற்பதையே பணியாகக் கொண்டிருந்த காவலருக்குத் தம் பகுதியைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் மதிப்பைக் கொடுத்தது இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு.

கேரளம் சேர்த்தது

நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, கேரள அரசு 2008இல் ஜனமைத்ரி சுரக்ஷா என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 500 வீடுகளுக்கு ஒரு பீட் காவலர் என்ற அளவில், அவர் வீடுவீடாகச் சென்று ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. வெளியூர் செல்பவர் பூட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகவும், தனித்து வாழும் முதியவர் நலம் விசாரிக்கப்படவும் இதனால் வழி பிறந்தது. திருச்சியில் ஓர் அதிகாரியின் முனைப்பில் விளைந்த சீர்திருத்தத்தைப் போலன்றி, கேரளம் 2011ஆம் ஆண்டின் காவல் சட்டத்திலேயே சமூகத் தொடர்புக் குழுக்களுக்கு இடம்தந்தது. அதிகாரியின் இடமாற்றத்தோடு அணைந்துபோகும் விளக்காக நல்ல திட்டம் இருக்கக் கூடாது என்று விரும்புவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

சாத்தான்குளம் காட்டிய எல்லை

2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகக் கூறிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். சி.பி.ஐ. தாக்கல்செய்த குற்றப்பத்திரிகை காவல் துறையினர் ஒன்பது பேர் மீதானது. எனினும், காவல் நண்பர்கள் என்ற பெயரில் நிலையத்தில் இருந்த தன்னார்வலர்களுக்கும் அக்கொடுமையில் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தின் சார்பில் அது மறுக்கப்பட்டபோதும், அரசு 2020 ஜூலையில் அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. இரண்டு உயிர்கள் போன பிறகுதான், சீருடையற்ற, பணிப்பதிவேடற்ற, துறை நடவடிக்கைக்கு உட்படாத ஒருவர் நிலையத்துக்குள் என்ன செய்கிறார் என்ற எளிய கேள்வி உரக்கக் கேட்கப்பட்டது என்பது தமிழ்ச் சமூகம் மறக்கக் கூடாத துயரம்.

எல்லை எது என்பதைச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 31ஆம் பிரிவு, பொது அமைதி குலைவதைத் தடுப்பது போன்ற சில தருணங்களில் காவலர் நியாயமாகக் கேட்கும் உதவியைச் செய்வதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. 40ஆம் பிரிவின்படி, தம் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரையும், தேடப்படுபவராக அறிவிக்கப்பட்ட குற்றவாளியையும் மட்டுமே தனிமனிதர் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். விசாரிக்கவோ மிரட்டவோ அடிக்கவோ யாருக்கும் அதில் உரிமை தரப்படவில்லை.

கூட்டுறவு நிலைக்க

ஆகவே, கூட்டுறவு பயன்தரச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. பீட் காவலர் ஒரே பகுதியில் போதிய காலம் நீடிக்க வேண்டும். மாதந்தோறும் மாற்றப்படும் காவலரிடம் எவரும் மனம்விட்டுப் பேசமாட்டார். தன்னார்வலரின் பணி காவல் நிலைய வாசலோடு முடிய வேண்டும். லத்தியும் விசாரணை அறையும் அவருக்கு உரியவையல்ல. குழுவில் யார் அமர்கிறார்கள் என்பதும் முக்கியம்: ஊரின் செல்வாக்குள்ளவர்கள் மட்டும் கூடும் குழு, காலனியில் வாழ்பவரையும் வெளிமாநிலத் தொழிலாளியையும் காக்க வேண்டியவர்களாகக் கருதாமல், கண்காணிக்க வேண்டியவர்களாகவே எண்ணத் தொடங்கிவிடும். அவர்களும் குழுவில் இருக்க வேண்டும். சில கூட்டங்களாவது அவர்கள் தெருவில் நடக்க வேண்டும்.

2017க்குப் பிறகு சென்னையில் மூன்றாவது கண் என்ற பெயரில் மக்களும் வணிகர்களும் பங்களித்து நிறுவிய கண்காணிப்புக் கேமராக்கள் குற்றவாளிகளைக் கண்டறிவதற்குப் பெரிதும் உதவுகின்றன. ஆனால் கேமரா நடந்ததைப் பதிவுசெய்யும். நடக்கப்போவதை அஞ்சும் ஒருவரின் சொல்லைக் கேட்க மனிதரே வேண்டும். அப்படிச் சொல்லப்படும் குறை, நிலையத்தில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புப் பதிவேட்டில் ஏறி ரசீதாகக் கைக்கு வருகிறது. அந்த மனுக்கள் என்னவாயின என்பதைப் புகார்தாரரின் பெயரை வெளியிடாமல் அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தெருவினர் முன் நிலைய அதிகாரி படித்துக்காட்டும் வழக்கம் ஏற்படுமானால், பட்டா புத்தகத்தின் கையெழுத்து மேலதிகாரிக்குக் காட்டும் கணக்கைப் போலவே தெருவுக்கும் ஒரு கணக்குக் கிடைக்கும்.