ஒரு நடைபயணமும் தெல்லிப்பழை வைத்தியசாலையும்

யாழ்ப்பாணத்துச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து நமது ஊவா மாகாணத்துக் கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் மக்கள் நடந்து வருகிறார்கள். கிழக்குக் கரையைப் பிடித்து, உகந்தையும் குமணக் காடும் கடந்து வரும் அந்தப் பாதயாத்திரையை நாம் அறிவோம். நேர்த்திக்கு நடப்பது நமக்குப் பழக்கமானது. ஆனால் புற்றுநோயாளருக்காக நடைபயணம் என்றால், "நடந்தால் காசு எங்கிருந்து வரும்?" என்று பதுளைத் தோட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கனடாவில் டெரி ஃபொக்ஸ் என்ற இளைஞர் எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்காக ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். அவர் ஓடுவதைப் பார்த்தவர்கள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று பணம் கொடுத்தார்கள். பணம் வந்த வழி அதுதான். ஒருவர் உடலை வருத்துகிறார். அவரை அறிந்தவர்களும், வேலை தரும் நிறுவனமும், வழியில் நிற்பவர்களும் தம்மால் இயன்றதைத் தருகிறார்கள்.

நமது நாட்டிலும் அது நடந்தது. நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இருவர் முன்னின்று நடத்திய 'ட்ரெயில்' நடைபயணம் 2011 ஜூலையில் தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கி, 27 நாட்களில் சுமார் 670 கிலோமீற்றர் நடந்து பருத்தித்துறையை அடைந்தது. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முழுத் தூரமும் நடந்தவர்கள் சிலர். ஒரு நாள், அரை நாள் சேர்ந்து நடந்தவர்கள் ஏராளம். திரண்ட பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடமாயிற்று. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். அந்தப் பணம் காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு. ஆராய்ச்சிக்குக் கொடுக்காமல் கட்டடத்துக்குக் கொடுத்தது சரியா என்று கேட்கலாம். மகரகமவுக்குப் போய்வர வழியில்லாதவனுக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு கட்டில் என்றே நாம் நினைக்கிறோம்.

தெல்லிப்பழை என்ற பெயர் இடம்பெயர்ந்தவர்களுக்குச் சும்மா ஒரு பெயரல்ல. 1990இல் வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் செம்மண் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டு ஓடின. அந்த நிலம் யுத்தத்துக்குப் பிறகும் துண்டு துண்டாகத்தான் விடுபட்டு வந்தது. வெங்காயத்தோடு புகையிலையும் விளைந்த மண் அது. யாழ்ப்பாணப் புகையிலை மலையேறி வந்து, பதுளை லயன்களில் வெற்றிலைப் பையில் இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை. பயிரிட்டவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடன் அடைக்கும் பயிராக அதுதான் இருந்தது. ஆனால் இலங்கையில் ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதையும் மறைக்க முடியாது.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று பலர் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2003இல் இதை ஆராய்ந்து, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு செய்தது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காசில்லை. காசில்லை என்று எழுதுவது எளிது. கிளினிக் நாளில் பேர் விழாது, கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதனால்தான் நமது பெண்கள் வலி வரும் வரை காத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது என்பதே இந்த நோயின் கொடுமை. 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தையும் மார்பையும் பார்க்கிறார்கள். தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடம் நாள் கேட்கலாம்.

பதுளையில் யாராவது இப்படி ஒரு நடைபயணம் ஒழுங்கு செய்தால், நமது சங்கங்கள் தயங்காமல் சேரட்டும். சேருமுன், பணம் எந்த வைத்தியசாலைக்கு, கணக்கை எங்கே ஒட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக வைக்கச் சொல்லலாம். நடை முடியும் இடத்தில் பல் வைத்தியர் ஒருவரை மேசை போட்டு உட்கார வைக்கும்படியும் கேட்கலாம். வெற்றிலைப் பையோடு வருபவர்கள் அன்றைக்கே வாயைக் காட்டிவிட்டு வீடு போகட்டும்.