துறைமுகத்தில் நிற்கும் ஏழைப் பெண்கள்

சிலை எண்டதும் குதிரைமேல் இருக்கும் ஆளுநர்தான் நமக்கு நினைவில் வருவார். தஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் நிற்பவர்களோ மூன்று ஏழைப் பெண்களும் ஒரு பிள்ளையும். ஐரிஷ் சிற்பி ரோவன் கில்லெஸ்பி வெண்கலத்தில் செய்த இவற்றை, 2017இல் அயர்லாந்து ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிகின்ஸ் திறந்துவைத்தார்.

பிரித்தானியா 1853 வரை அத்தீவுக்கு நாடுகடத்திய ஏறத்தாழ 13,000 பெண் கைதிகளின் நினைவு அது. பலர் செய்த குற்றம் சில்லறைக் களவு: கொஞ்சம் துணி, கொஞ்சம் சாப்பாடு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தொடங்கியது. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். பட்டினி கிடப்பதைவிடக் கப்பலேறுவது மேல் எண்டு, வேணுமெண்டே தீ வைத்துப் பிடிபட்ட பெண்களும் இருந்தார்கள். வந்திறங்கிய பலர் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில் அடைபட்டார்கள். அங்கே கைக்குழந்தைகள் பல மௌத்தாகின.

இதே சிற்பி 1997இல் டப்ளினில் வைத்த பஞ்சச் சிலைகளுக்குப் பீடமே இல்லை. வழிப்போக்கரோடு தரையில் நடக்கின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, முகத்துக்கு முகம் பார்க்க வேணும். குற்றவாளி யார், பசித்தவளா, தண்டித்த சட்டமா எண்டு அந்த முகங்கள் கேட்பதாகவே எனக்குப் படுகிறது.

நம் மலாய்ச் சகோதரர்களின் மூதாதையரிலும் ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து இங்கு நாடுகடத்தியோர் உண்டு. அரச குடும்பத்தாரின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. சாதாரண சனங்களுக்கு? உருவச் சிலை நம் வழக்கமில்லை. கரையோரம் ஒரு கல், அதில் நாலு வரி போதுமே.