குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலச் சேவைகள்: குன்றத்தூர் வட்டம்

18 வயதுக்கு உட்பட்டோரின் மனநலச் சிக்கல்களைக் கண்டறிந்து, ஆலோசனையும் சிகிச்சையும் வழங்கும் ஏற்பாடுகள் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலச் சேவைகள் எனப்படுகின்றன. தேசிய மனநல ஆய்வின்படி (2015–16) இந்தியாவில் 13–17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு உள்ளது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனித்துறை இல்லை. பணி பல திட்டங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் வட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கண்டறிதல்

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். பேச்சுத் தாமதத்தைப் பிடிக்க இது உதவும். பத்தாம் வகுப்பு மாணவியின் மனச்சோர்வு ஒருநாள் பரிசோதனையில் அகப்படுவது கடினம். அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே.

சிகிச்சை

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட சில மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்டது. இதன் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் எல்லா வயதினரையும் பார்க்கின்றனர். குழந்தைகளுக்கான தனிக் குழு அன்று. சிறப்புச் சிகிச்சைக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற பெரிய மருத்துவமனைகளையே நாட வேண்டும். குன்றத்தூருக்கு மாவட்டத் தலைநகரைவிடச் சென்னையே பக்கம். ஆகவே நிர்வாகம் மேற்கே காஞ்சிபுரத்தில் இருக்க, குடும்பங்கள் கிழக்கே பேருந்து ஏறுகின்றன. இதனால் தொடர்கவனிப்பு அறுபட வாய்ப்பு அதிகம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் பெற்றோருக்குக் காலை நேரப் புறநோயாளிப் பிரிவு என்பது ஒருநாள் கூலி இழப்பு. வெளிமாநிலக் குடும்பங்களுக்கு மொழியும் தடை. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை பல மொழிகளில் 24 மணி நேரமும் இயங்குவதால் இவ்விரு தடைகளையும் ஓரளவு தாண்டுகிறது. கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு உதவி எண் 1098.

சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி சிறார்களை விதிவிலக்கான சூழலில் மட்டுமே உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களிடமிருந்து தனி இடம் தரப்பட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்திய ஒருவரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியான தாய்க்கோ தந்தைக்கோ அந்த நாட்களுக்கு ஊதியம் கிடைக்க இச்சட்டத்தில் வழி எதுவும் இல்லை.