முள்முனையில் ஒரு செல்

வெறிநோயில் இறந்த மாட்டின் சிறுமூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புர்கின்ஜி செல்லுக்குள் நெக்ரி பொருள் சிவந்த சிறு உருண்டையாகக் கிடக்கும். கால்நடை மருத்துவ மாணவர் அதைத் தானே தேடிப் பிடித்தாக வேண்டும். ஆனால் முன்பெல்லாம் செய்முறை வகுப்பில் ஆசிரியரே அந்தச் செல்லைக் கண்டுபிடித்து, லென்சுக்குள் தெரியும் முள்ளின் முனையில் நிறுத்திவைப்பார். மாணவர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்ப்பார்கள். யாராவது ஸ்லைடைச் சற்றே நகர்த்திவிட்டால், அடுத்தவர் பார்ப்பது வேறு செல். "தெரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். யார் எதைப் பார்த்தார் என்பது ஆசிரியருக்கே தெரியாது.

ஸ்லைடு கிடைப்பதும் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் ராணுவ நோய்க்குறியியல் கழகத்தின் 'புதன்கிழமை ஸ்லைடு மாநாட்டில்' வாரம் 4 நோய்நிலைகளை அலசுவார்கள். பங்கேற்ற நிறுவனங்களுக்குக் கண்ணாடி ஸ்லைடுகள் தபாலில் போயின. ஆனால் திசு பதித்த ஒரே பாரஃபின் கட்டியை நாலைந்து மைக்ரான் தடிமனில் சீவிக்கொண்டே போனால், முதல் சீவலில் இருந்த புழு கடைசிச் சீவலில் இருக்காது. 2011இல் அந்தக் கழகம் மூடப்பட்டது. மாநாடு வேறொரு ராணுவ மையத்தில் தொடர்கிறது. இன்று ஸ்லைடை முழுதாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் இருப்பவரும் அதே சீவலை, அதே செல்லைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வட்டமிட்டுக் காட்டச் சொன்னால், யாருக்குப் புரியவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

பிணப் பரிசோதனை வேறு சங்கதி. 2020இல் கல்லூரிகள் மூடியிருந்தபோது அதையும் காணொளியில்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. உறுப்புகளை எந்த வரிசையில் எடுப்பது, அடைப்பான் சந்தேகம் இருந்தால் உடலை ஏன் திறக்கவே கூடாது, காதோர ரத்தத்தை மட்டும் ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் காணொளி நன்றாகவே சொல்லித்தரும். ஆனால் நிமோனியா கண்ட நுரையீரல் ஈரல்போலக் கெட்டிப்பட்டிருப்பதை விரல்தான் அறியும். காசநோய்க் கட்டியை வெட்டும்போது சுண்ணாம்புப் படிவில் கத்தி நறநறப்பதும் கைக்கு மட்டுமே தெரியும். திரையில் இரண்டும் வெறும் நிறம்.

எனவே, ஸ்கேன் வந்ததால் ஸ்லைடு வகுப்பில் மிச்சமாகும் நேரத்தைக் கால அட்டவணையிலிருந்து வெட்டிவிடக் கூடாது. அது முழுவதும் பிணப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். பட்டம் பெற்ற மறு மாதமே கிராமத்தில் செத்துக் கிடக்கும் பசுவின் முன் தனியாக நிற்கப்போகிறவர் அந்த மாணவர். அடுத்த மாட்டைக் காப்பாற்ற முடியுமா என்று அதன் சொந்தக்காரர் அவரிடம்தான் கேட்பார்.