உங்களுக்குத் தெரியுமா? ஊர் எட்டு, கட்டணம் இரண்டு!

டெல்லியில் ரயிலேறி மும்பை, கோவா, பெங்களூரு, மைசூரு, ஊட்டி, திருவனந்தபுரம் பார்த்து, கன்னியாகுமரியைத் தொட்டு, அதே வழியில் திரும்பினால் 7,550 கி.மீ. இதற்கு 'சர்க்குலர் டிக்கெட்' எடுத்தால், தலா 3,775 கி.மீ. கொண்ட இரண்டே இரண்டு பயணங்களாகத்தான் கட்டணம் கணக்கிடப்படும். விதியை விளக்க ரயில்வேயே காட்டும் உதாரணம் இது.

• லாபம் எங்கே? தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட் வாங்கினால் அந்தச் சலுகை போச்சு.

• வழியில் 8 இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். புறப்பட்ட ஊரிலேயே பயணம் முடிய வேண்டும். முன்பதிவு, சூப்பர்பாஸ்ட் கட்டணங்கள் தனி.

• செல்போனில் தட்டி வாங்க முடியாது. வழித்தடத்தை எழுதிக்கொடுத்து, கோட்ட வணிக மேலாளரிடம் ஒப்புதல் பெற வேண்டும். நாகர்கோவில்காரர்களுக்கு அந்த மேலாளர் இருப்பது மதுரையில் அல்ல, திருவனந்தபுரத்தில்! மாவட்டம் தமிழ்நாடு, ரயில்வே கோட்டம் கேரளத் தலைநகர்.

• சாதாரண டிக்கெட்டிலும் ஒரு வசதி உண்டு. 500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம் என்றால், முதல் 500 கி.மீ. கடந்தபின் நடுவில் இறங்கி 2 நாள் வரை தங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்றவற்றில் இது செல்லாது.

தூரத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவது நம் நாட்டில் மட்டுமல்ல. இத்தாலியிலும் உள்ளூர் ரயில்களுக்குத் தூரத்தை வைத்துத்தான் விலை. எப்போது வாங்கினாலும் மாறாது. அதிவேக ரயிலில் கதையே வேறு: நாள் நெருங்க நெருங்க மலிவு டிக்கெட்டுகள் தீர்ந்துவிடும். அங்கே ஒரே தடத்தில் அரசின் டிரெனிதாலியாவும் 2012-இல் வந்த தனியார் இத்தாலோவும் போட்டி போடுவதால், இரண்டு விலையையும் பார்த்துவிட்டே வாங்குகிறார்கள்.