பெயர் சூட்டும் ஏழாம் நாள்

ஊரை விட்டு ஆயிரங் கல்லுக்கு அப்பால் படிக்க வந்த நம்மில் சிலர், படிப்போடு நில்லாமல் குடும்பமும் நடத்துகின்றனர். டில்லியில் ஆராய்ச்சி மாணவர் குடியிருப்புகளில் தொட்டில் ஆடுவது இன்று புதுமையன்று. ஊரில் பிறந்திருந்தால் பாட்டிமார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வர்; இங்கே பிறந்த குழந்தைக்கு நாமே பாட்டிமார். ஆகவே, நம் முஸ்லிம் நண்பர் வீட்டில் பெயர் சூட்டு விழா என்றால் என்னென்ன நடக்கும், எதை எப்போது ஏற்பாடு செய்யவேண்டும் என்பதை எல்லாரும் அறிந்திருத்தல் நலம். கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளை என்ற உரிமையோடு எழுதுகின்றேன்.

குழந்தை பிறந்தவுடன் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் மெல்லிய குரலில் சொல்வர். இதற்கு ஆலிம்சா வரவேண்டும் என்பதில்லை; தந்தையே சொல்லலாம். பேரீச்சம்பழத்தை மென்று, அதில் சிறிதளவு குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவதும் வழக்கம். இதை மருத்துவரைக் கேட்ட பின்னரே செய்யவேண்டும். பழத்துக்குப் பதிலாகத் தேன் தொட்டு வைப்போரும் உளர். இங்கே அறிவியல் மாணவன் குறுக்கிட்டே ஆகவேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சிளங் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்தால், தசைகள் செயலிழந்து மூச்சுக்கே ஆபத்து நேரும்.

இனி ஏழாம் நாள். அதை எண்ணுவதிலேயே குழப்பம் தொடங்கிவிடும். இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போது பிறக்கின்றது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறந்த குழந்தை திங்கட்கிழமைக் குழந்தையே. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் அடுத்த ஞாயிறு ஏழாம் நாளாகும். சேர்க்காமல் எண்ணுவோரும் உளர். அன்று இயலாவிடில் பதினான்காம் நாள், அதுவும் தப்பினால் இருபத்தொன்றாம் நாள் என்பர். பரீட்சைக்கு நடுவே அவதிப்படத் தேவையில்லை.

அன்று செய்வதற்கு அகீகா என்று பெயர். அச்சொல் முதலில் குறித்தது பிறந்த குழந்தையின் தலைமுடியையே. பின்னர் அன்று அறுக்கும் ஆட்டையும் குறித்தது. ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஒன்று என்பது பெருவழக்கு. ஷாபி வழியினர் இதை வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பர். ஹனபி வழியினர் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. இரு வழியிலும் இது கட்டாயக் கடமையன்று. உதவித்தொகை வந்து சேராத மாதத்தில், கடன் வாங்கி ஆடு வாங்கும் நண்பரைக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். வெள்ளாடானால் ஹனபிகளுக்கு ஓராண்டும், ஷாபிகளுக்கு இரண்டாண்டும் நிறைந்திருக்கவேண்டும். நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற அறுப்புக் கூடத்தில்தான் அறுக்கலாம் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே மொட்டை மாடி ஏற்பாடு வேண்டா. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பி அங்கேயே அறுத்துப் பங்கிடச் சொல்வோரும் உண்டு.

தலைமுடியை மழித்து, அதன் எடைக்கு வெள்ளியோ வெள்ளியின் விலையோ ஏழைக்குக் கொடுப்பர். நபிகள் நாயகத்தின் பேரர் ஹசனின் முடி ஒரு திர்ஹமோ, அதில் ஒரு பகுதியோ இருந்ததாகத் திர்மிதியின் தொகுப்பு கூறும். திர்ஹம் என்பது ஏறத்தாழ மூன்று கிராம். முழுக் கிராம்களை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகைக்கடைத் தராசுதான் தகும். அதற்கும் நேரமில்லையேல் ஐந்து கிராம் வெள்ளியின் விலையைக் கொடுத்துவிடலாம். பிழை ஏழையின் பக்கம் சாய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை.

நிற்க. செலவே இல்லாததும், குழந்தையோடு கடைசி வரை வருவதும் பெயர் ஒன்றுதான். ஆட்டின் வயதை நாலு பேரிடம் விசாரிப்பவர்கள், பெயரின் எழுத்துகளை மருத்துவமனை எழுத்தரிடம் விட்டுவிடுகின்றனர்! சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் பிறந்த பெண் குழந்தைக்கு, தந்தையின் தலைப்பெழுத்தையே முதற்பெயராக எழுதி வைத்துவிட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. வடக்கத்திப் படிவமோ அதைக் கேட்கும். தந்தையின் பெயரை முழுமையாக விரித்து அக்கட்டத்தில் எழுதுவதே தொல்லையில்லாத வழி என்பது என் கருத்து. ஆனால் அப்துல் ரகுமான் போன்ற பெயர்களைப் பிரித்தல் கூடாது. 'அப்து' என்றால் அடியான். 'அப்துல்' என்று நிறுத்தினால் யாருடைய அடியான் என்பதே இல்லாமற் போகும். பாத்திமாவின் 'தி'க்கு நாம் ஆங்கிலத்தில் டி, எச் இரண்டையும் எழுதுவோம். இங்குள்ளவர்களுக்கோ எச் சேர்ந்தால் மூச்சொலியோடு கூடிய வேறு எழுத்து. அதை அவர்கள் இந்தியில் பெயர்த்தால் பெயர் மாறிவிடும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். பெயர் முடிவாகவில்லையேல் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். பின்னர் 12 மாதம் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்க விதி இடம் தருகின்றது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றுக்குப் பிறந்த நாளையும் ஊரையும் காட்டும் சான்று இந்தத் தாள்தான். எனவே ஏழாம் நாளுக்கு முன் அவசரமாக ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுக்காமல், பெயர் சூட்டிய பின் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும்.

விருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெய்ச்சோறும் கறியும் தாமே பேசிக்கொள்ளும். சைவ நண்பர்கள் ஒதுங்கிவிடவேண்டா. அந்தத் தாளில் உள்ள எழுத்துகளைப் படிவத்தோடு வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்க்கும் வேலை அவர்களுக்கு. பாயசம் தனியே வரும்.